நிறம் பிடிக்காத ஓரம்

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கு இடது கைப் பக்கம், நோயாளிகள் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அறையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்தார் மைக்ரான் அக்கா. அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. மற்றபடி டாக்டர்களிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவர் மைக்ரான்தான். ஆள் குள்ளம், ஒல்லி. அதனால் வந்த பெயர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மீதி அவருடைய கையில் இருந்தது.

அவருக்கு வேலை வெட்டுவது. நோயாளியின் உடம்பிலிருந்து டாக்டர்கள் கிள்ளி எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பிளாக் செய்வார்கள். அந்த பிளாக்கை மெஷினில் மாட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றி, நான்கு மைக்ரான் கனத்தில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு கனத்தில், சீவல் சீவலாக எடுக்க வேண்டும். ஒரு தலைமுடியின் கனத்துக்குள் இப்படிப் பதினைந்து சீவல்களைத் தாராளமாக அடுக்கிவிடலாம். சீவல் சுருண்டுகொண்டால் அக்கா குனிந்து பிளாக்கின் முகத்தில் வாயால் லேசாக ஊதுவார். அந்த வெதுவெதுப்பில் அடுத்த சீவல் சமர்த்தாக விரிந்து வரும். அதைத் தூரிகை நுனியில் தொட்டுத் தூக்கி, வெந்நீர்த் தட்டில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்திக்கொள்வார். பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு, பறந்தே போய்விடும். அதனால் ஜலதோஷக்காரர்களுக்கு அந்த அறையில் அனுமதி கிடையாது. தலைமை டாக்டரம்மாவையே ஒருமுறை கதவுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் இந்தக் கை செல்லுபடியாகாது. அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். தட்டில் விழும் வெள்ளரிக்காய்த் துண்டைத் தூக்கிக் காட்டி, "ஊருக்கெல்லாம் நாலு மைக்ரான், எனக்கு மட்டும் நாலு இன்ச்சா?" என்பார். "மெல்லத்தானே பல்லு இருக்கு" என்பார் அக்கா. இந்தப் பேச்சு இருபது வருஷமாக நடந்துவருகிறது, இருவருக்கும் அலுக்கவில்லை.

அக்காவின் பெயர் வெளியூர் வரை போனது ஒரு வழக்கத்தால். நுரையீரலில் ஊசி போட்டு எடுக்கும் துணுக்கு நூல் மாதிரி இருக்கும். அதை வெட்டிவிட்டு பிளாக்கைக் கழற்றி வைத்து, ஒரு மாதம் கழித்து இன்னொரு சோதனைக்காக மறுபடி மாட்டினால், பழைய கோணத்தில் அது உட்காராது. கத்தியோடு மட்டம் சேரும் வரை சீவிச் சீவிக் குப்பையில் போட வேண்டும். நாலு தடவை மாட்டிக் கழற்றினால் துணுக்கே காலி. எத்தனையோ பேருக்கு "சாம்பிள் போதவில்லை" என்று எழுதி அனுப்பியதைப் பார்த்து அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. நோயாளி வலியைப் பொறுத்துக்கொண்டு கொடுத்ததை நாம் குப்பையில் போடுவதா? அதனால் முதல் நாளே, மெஷினில் மாட்டியது மாட்டியபடி, பின்னால் தேவைப்படக்கூடிய சீவல்களையும் சேர்த்து வெட்டி, சாயம் போடாமல் பெட்டியில் அடுக்கிவைக்க ஆரம்பித்தார். அதற்கு அவரே வைத்த பெயர் 'ஒரே உட்கார்வு'. சாம்பிள் போதவில்லை என்ற பேச்சு பாதிக்கு மேல் குறைந்தது. அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மூன்று மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வழிமுறையை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு மெஷினுக்கு மேலே மாட்டினார் டாக்டரம்மா. அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் ஏற்பிச் சோதனை வந்தது.

நம் செல் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் சில புரதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடித்து உள்ளே கொடுப்பது அவற்றின் வேலை. ஏற்பி என்று பெயர். சில நுரையீரல் புற்றுநோய்களில் ஒரு வகை ஏற்பி அளவுக்கு மீறி அடர்ந்து முளைத்து, 'வளரு, வளரு' என்று செல்லை ஓயாமல் நச்சரிக்கிறது. அந்த ஏற்பியையே குறிபார்த்துப் போய் ஒட்டிக்கொண்டு, அதன் வழியாகவே செல்லுக்குள் நுழைந்து விஷத்தை இறக்கும் மருந்துகள் வந்துவிட்டன. ஏற்பி இருந்தால்தான் மருந்துக்கு வேலை. இருக்கிறதா இல்லையா என்பதைச் சீவலுக்குச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். இருந்தால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்பாக ஒரு கோடு விழும். கோடு விழாவிட்டால் அந்த மருந்து கிடையாது. இரண்டாம் மாடியில் ஒரு பழுப்புக் கோடு விழுகிறதா என்பதை வைத்து, கீழே ஒரு மனிதருக்கு மருந்து உண்டா இல்லையா என்று முடிவாகும்.

ஒரு திங்கட்கிழமை வெளியிலிருந்து இன்ஸ்பெக்ஷன் குழு வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய செவ்வாய் மத்தியானம், பழைய ஸ்லைடுகளில் உரிந்துபோன ஸ்டிக்கர்களை மாற்றிக்கொண்டிருந்தார் அக்கா. வேறு யாராக இருந்தாலும் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். அக்காவுக்கு ஸ்லைடைக் கையில் எடுத்தால் மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை வைத்துப் பார்க்காமல் கீழே வைக்க வராது. மேல் கண்ணாடியில் குமிழ் இருக்கிறதா, சீவல் மடிந்திருக்கிறதா என்று தன் வேலையைத் தானே குறை சொல்லிக்கொள்வதில் ஒரு திருப்தி.

2217 என்ற எண் போட்ட ஸ்லைடு. ஏற்பிச் சோதனை, ஆறு வாரத்துக்கு முன்னால் செய்தது. முடிவு, ஏற்பி இல்லை. ஸ்லைடின் மேல் பாதியில் கன்ட்ரோல் துண்டு, அதாவது ஏற்பி உண்டு என்று முன்பே தெரிந்த வேறொருவரின் திசு. சாயம் சரியாக வேலை செய்ததா என்பதற்கு அதுதான் சாட்சி. அது அழகாகப் பழுப்பேறியிருந்தது. கீழ்ப் பாதியில் நோயாளியின் சீவல், நிறமே இல்லாமல் வெளிறிக் கிடந்தது. புற்றுச் செல்களில் ஒரு கோடுகூட இல்லை. சரிதான் என்று நகர்த்தப் போனவர் சீவலின் ஓரத்தில் நின்றுவிட்டார். அங்கே மூச்சுக்குழாயின் நல்ல செல்கள் ஏழெட்டு வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. நோய் தொடாத செல்கள். அவற்றில் இந்த ஏற்பி எப்போதும் கொஞ்சமாவது இருக்கும், லேசான பழுப்பாவது பிடிக்கும் என்பது ஆயிரம் ஸ்லைடு பார்த்த அக்காவுக்குத் தெரியும். அதுவும் வெளிறிக் கிடந்தது.

கன்ட்ரோல் பிடித்திருக்கிறது, நல்ல செல் பிடிக்கவில்லை. ஒரே ஸ்லைடு, ஒரே சாயம், ஒரே நாள். அக்கா ரிஜிஸ்டரைப் புரட்டினார். கன்ட்ரோல் துண்டு சோதனை அன்று காலையில் வெட்டி ஒட்டியது. நோயாளியின் சீவல் 'ஒரே உட்கார்வில்' வெட்டிப் பெட்டியில் வைத்தது. சாயம் போடும்போது அதற்கு ஐந்து மாத வயது.

சாயப் பெட்டியோடு வந்த துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தார். வெட்டிய சீவலைச் சில வாரங்களுக்குள் பயன்படுத்த வேண்டும். காற்றுப் பட்டால் ஏற்பிகள் சிதைந்துபோகும்; வெட்டாமல் மெழுகு பிளாக்குக்குள் இருக்கும் வரை பயமில்லை. சாதாரணச் சாயத்துக்குச் சீவல் பத்து வருஷம் கிடந்தாலும் கவலையில்லை. வழக்கத்தை உண்டாக்கிய காலத்தில் அந்தச் சாயம்தான் இருந்தது. புதுச் சோதனை வந்தபோது பழைய வழக்கம் அதற்குப் பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

நோயாளி யார் என்று கேட்பதில்லை என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. பெயர் தெரிந்தால் கை நடுங்கும் என்பார். அன்று விதியை மீறிக் கம்ப்யூட்டரில் பார்த்தார். பஸ் டிரைவர், வயது ஐம்பத்தேழு, தனி ஆள். சிகரெட் தொட்டதில்லை. மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்டுவிட்டன. ஊசி போட்டுத் துணுக்கு எடுத்தபோது நுரையீரல் சுருங்கி எட்டு நாள் படுத்திருந்தார். இன்னொரு முறை எடுக்க முடியாது. ஏற்பி இல்லை என்று வந்ததால் வலி மருந்து மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் அக்கா வெள்ளரிக்காயை உண்மையிலேயே மெல்லிசாக வெட்டிக்கொண்டிருந்தார். கணவருக்கு அதிலேயே விஷயம் பிடிபட்டுவிட்டது.

"என்ன ஆச்சு?"

அக்கா சொன்னார். கணவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல. என் வழக்கத்தை அவங்க பெருமையா அச்சடிச்சு மாட்டி வெச்ச அட்டை. அதுக்குக் கீழ நின்னு எப்படிச் சொல்றது? வாயே வரல."

"நான் மாட்டின கேபிள்ல கோளாறுன்னு எனக்குத் தெரிஞ்சா, லிஃப்டை நிறுத்திட்டுத்தான் யார் மாட்டினதுன்னு பேசுவேன். உள்ள ஆள் இருக்காருல்ல?"

"இருக்காரு."

"அப்புறம் என்ன?"

மறுநாள் காலை அக்கா டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஸ்லைடைப் பார்த்த டாக்டரம்மா முதலில், "கன்ட்ரோல் பாஸ் ஆச்சே மைக்ரான்" என்றார். அக்கா ஸ்லைடை ஒரு நூலளவு நகர்த்தி ஓரத்தைக் காட்டினார். டாக்டரம்மா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"நான் கட்டியை மட்டும்தான் பாத்தேன். ஓரத்துக்குப் போகவே இல்ல."

"நீங்க பாக்காதது இருக்கட்டும் டாக்டர். பழசா ஆக்கி வெச்சது நான். பிளாக்கை மறுபடி வெட்டிப் பாக்கலாம்."

"பிளாக்குல என்ன மிச்சம்?"

"இமை முடி அளவுக்கு இருக்கு."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன். மூணு ஆஸ்பத்திரி நம்மளப் பாத்து இதைச் செய்யறாங்க. இன்ஸ்பெக்ஷன் முடியட்டும், அப்புறம் நிதானமா எடுத்துப் பாக்கலாமே. இப்ப எழுதி வெச்சா, உங்க பேருதான் முதல்ல அடிபடும்."

"அந்த டிரைவருக்கு நம்ம இன்ஸ்பெக்ஷன் தேதி தெரியாது டாக்டர்."

பூசி மெழுகுவது அக்காவுக்குச் சுத்தமாக வராது. மெழுகிலேயே காலம் தள்ளியவருக்கு அது ஏன் வரவில்லையோ. அன்றே தன் கையெழுத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தார். மூன்று மருத்துவமனைகளுக்கும் தானே போன் செய்து, 'ஏற்பிச் சோதனைக்குப் பழைய சீவல் எடுக்காதீங்க, நான் சொல்லிக்கொடுத்தது இதுக்கு ஆகாது' என்றார். ஒரு இடத்தில் போனை எடுத்தவர் சிரித்துவிட்டு, "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி மேடம்?" என்று கேட்டார். "நான்தான் சொல்லணும்" என்றார் அக்கா. பிறகு ரிஜிஸ்டரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, பழைய சீவலில் 'இல்லை' என்று வந்த இன்னும் ஐந்து பேரின் எண்களையும் எழுதி வைத்தார். அந்த ஐந்து பிளாக்கிலும் நல்ல வேளையாகச் சதை நிறைய இருந்தது. புதிதாக வெட்டிப் பார்த்ததில் ஐந்துமே மெய்யாகவே இல்லைதான், நல்ல செல்கள் மட்டும் ஒழுங்காகப் பழுப்பேறியிருந்தன. பாக்கி இருந்தது 2217.

வியாழக்கிழமை காலை அதை எடுத்தார். மெஷினில் மாட்டுவதற்கு முன் பிளாக்கின் முகம் முழுக்கக் கறுப்பு மையால் ஒரு பூச்சுப் பூசினார். கத்தி எந்தப் பக்கம் முதலில் உரசுகிறதோ அந்தப் பக்கம் மை போகும். அதைப் பார்த்துக் கோணத்தைத் திருத்தலாம். சக்கரத்தை முழுசாகச் சுற்றாமல், கத்தி தொட்டும் தொடாததுமாக அசைத்தார். வலது மூலையில் மட்டும் மை போனது. திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினார். மறுபடி அசைத்தார். மேல் விளிம்பு. இன்னும் அரைக்கால் சுற்று. இப்படியே முக்கால் மணி நேரம். கதவருகில் டாக்டரம்மா நின்றிருந்தார். மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தார், தும்மல் வந்துவிடுமோ என்று பயம்.

கடைசியில் மை நாலு பக்கமும் ஒன்றுபோலப் போனது. அக்கா பிளாக்கை ஐஸ் மேல் வைத்து எடுத்து, குனிந்து ஒருமுறை ஊதி, சக்கரத்தைச் சுற்றினார். முதல் சீவலில் மெழுகுதான் அதிகம். அதையும் எறியாமல் ஸ்லைடில் ஏந்தினார். இரண்டாவது நன்றாக வந்தது. மூன்றாவது நடுவில் கிழிந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு துண்டையும் தூரிகையால் சேர்த்துவைத்தார். நான்காவதில் வெறும் மெழுகு. அவ்வளவுதான். அந்த மனிதர் வலியைப் பொறுத்துக் கொடுத்த சதை அதோடு தீர்ந்தது. அக்கா நிமிர்ந்தபோது முதுகு ஒத்துழைக்கவில்லை. டாக்டரம்மா வந்து தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

சாயம் போட்டு முடிய அரை நாளுக்கு மேல் ஆகும். அக்கா சாப்பிடவில்லை. இன்ஸ்பெக்ஷனுக்கான அலமாரியைத் துடைத்ததையே திரும்பத் துடைத்தார். நான்கு மணிக்கு ஸ்லைடு வந்தது. எப்போதும் டாக்டர்தான் முதலில் பார்க்க வேண்டும். டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்க பாருங்க" என்றார்.

அக்கா முதலில் ஓரத்துக்குப் போனார். நல்ல செல்கள் லேசான பழுப்பில் வரிசையாக நின்றன. பிறகு மெல்ல நகர்த்தினார். புற்றுச் செல்கள் ஒவ்வொன்றைச் சுற்றியும் பென்சிலால் அழுத்தி வரைந்ததுபோல் அடர்ந்த பழுப்பு வளையம். ஒன்று, பத்து, ஐம்பது. கிழிந்த சீவலிலும் அதே.

"இருக்கு" என்றார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே அழுதார், லென்ஸ் நனைந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆறு வாரம் ஓர் ஆளுக்கு மருந்தில்லாமல் போனதே என்ற பதைப்பு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. டாக்டரம்மா செல்களை எண்ணி, போதும் என்று உறுதி செய்து, திருத்திய முடிவில் கையெழுத்துப் போட்டார்.

கீழே புற்றுநோய்ப் பிரிவுக்குப் போன் செய்தால், அந்த நோயாளி கடைசி இரண்டு முறை வரவே இல்லை என்றார்கள். அங்கிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையும் எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு அக்கா டாக்டரம்மாவின் அறைக்கு வந்து நின்றார்.

"நம்பரைக் குடுங்க டாக்டர், நாமளே பண்ணிப் பாக்கலாம்."

ஸ்பீக்கரில் போட்டு, இருவரும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தார்கள். எட்டாவது மணியில் யாரோ எடுத்து, இருமி முடிக்கும் வரை காத்திருக்க வைத்தார்கள்.

"யாரு?"

டாக்டரம்மாதான் பேசினார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறோம். டிரைவர் ஐயாவுக்கு வேண்டியவங்க யாராவது..."

"அவரேதான் பேசறேன். இன்னும் இருக்கேன், சொல்லுங்க."

அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் நோயாளி ஒருவரோடு அவர் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஐயா, உங்க சதையை வெட்டிச் சாயம் போடற இடத்துலேர்ந்து பேசறேன். உங்களுக்கு அந்த மருந்து ஒத்துவராதுன்னு சொல்லி அனுப்பினாங்கல்ல, அது தப்பு. நான் வெட்டி வெச்சிருந்தது பழசாப் போச்சு, அதுனால தெரியாமப் போச்சு. நேத்து புதுசா வெட்டிப் பாத்தோம். இருக்கு. மருந்து குடுத்துப் பாக்கலாம். அது மாயம் ஒண்ணும் பண்ணாது, எவ்வளவு நாள் தாங்கும்னும் நான் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு அது உண்டு."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"யார் மேல தப்பு?"

"என் மேல."

"யார் கண்டுபிடிச்சது?"

டாக்டரம்மா குனிந்து, "அவங்களேதான் ஐயா" என்றார்.

மறுபடி இருமல். "போன்ல ஆஸ்பத்திரி நம்பரைப் பாத்தாலே எடுக்கறதில்ல நான். இனிமே என்ன சொல்லப் போறாங்கன்னு. இது வேற நம்பரா இருந்துச்சு, எடுத்துட்டேன்." பிறகு, "எப்ப வரணும்?"

"இப்பவே கிளம்புங்க."

"நடக்க முடியறதில்லமா முன்ன மாதிரி."

"கார் பிடிச்சு வாங்க. வாசல்ல நான் நிக்கறேன், சக்கர நாற்காலியோட."

போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்கா கீழே இறங்கினார். வாசலில் சக்கர நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டு, வந்து நின்ற ஒவ்வொரு காரையும் பார்த்தார். ஆள் எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேரிடம் தவறாகப் போய்க் கேட்டு மன்னிப்புக் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு காரிலிருந்து, தோளில் சட்டை தொங்க, உயரமான ஒருவர் கதவைப் பிடித்தபடி இறங்கினார். கோட்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"போன்ல பேசினது நீங்களா?"

"நான்தான்" என்றார் அக்கா. திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனியாமல் நின்றார்.

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, மூச்சு அடங்கும் வரை காத்திருந்தார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிட்டோம்னு தெரிஞ்சா, வண்டியைத் திருப்பிட்டு வந்து இறக்கி விட்ட டிரைவரை நான் பாத்ததில்ல. நானும் செஞ்சதில்ல." பிறகு கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, "தள்ளுங்க, போலாம்" என்றார்.